பத்து நிமிட வட்டமும் லாரி வட்டமும்: சூப்பர்மார்க்கெட் சங்கிலிகள் எங்கே மோதிக்கொள்கின்றன?

நியூசிலாந்தில் ஃபுட்ஸ்டஃப்ஸ் என்ற பெயரில் இரண்டு கூட்டுறவு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று வடக்குத் தீவில் கடை நடத்துகிறது, மற்றொன்று தெற்குத் தீவில். நியூ வேர்ல்டு, ஃபோர் ஸ்கொயர் என்று பெயர்ப்பலகைகள் இரண்டு பக்கமும் ஒன்றேதான். நடுவில் கடல் இருப்பதால் ஒருவரின் வாடிக்கையாளரை மற்றவர் இழுக்க வழியே இல்லை. இந்த இரண்டும் ஒரே நிறுவனமாக இணைய அனுமதி கேட்டன. 2024 அக்டோபரில் அந்நாட்டு வணிக ஆணையம் மறுத்துவிட்டது.

போட்டியே போடாத இருவர் ஒன்றாவதில் போட்டிக்கு என்ன கேடு? கடையின் முன்வாசலில்தான் அவர்களுக்குள் போட்டி இல்லை, பின்வாசலில் உண்டு. சரக்கு தயாரித்து விற்பவருக்கு அந்த நாட்டில் பெரிய கொள்முதல்காரர்கள் மூன்றே பேர்: இந்த இருவரும் வூல்வொர்த்ஸும். இணைப்பு நடந்தால் மூன்று இரண்டாகிவிடும். வடக்குத் தீவுக்காரர் விலையை அடித்துப் பேசினால் தெற்குத் தீவுக்காரரிடம் போகலாம் என்ற வழி அடைபடும். புதிதாக ஒரு பொருளைக் கொண்டுவரும் சின்னத் தயாரிப்பாளருக்குத் தட்டுவதற்கு ஒரு கதவு குறையும். மறுப்புக்கு முக்கியமான காரணம் அதுதான்.

சூப்பர்மார்க்கெட் போட்டி பற்றிய செய்திகளில் இந்த மாதிரி விவரம் அடிபடுவது குறைவு. இந்தச் சங்கிலிக்கு நாட்டில் இத்தனை சதவீதப் பங்கு, அடுத்ததற்கு இத்தனை என்று ஒரு பட்டியல் வரும், அதோடு சரி. என்னைக் கேட்டால், வாங்குகிறவருக்கு அந்தப் பட்டியல் அநேகமாக எதையுமே சொல்வதில்லை. நான்கு சங்கிலிகளுக்கு ஆளுக்கு 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஊரிலும் நான்கும் எதிரெதிரே கடை போட்டிருந்தாலும் கணக்கு இதுதான். நாட்டை நான்கு துண்டாக்கி ஆளுக்கொரு துண்டில் தனிக்காட்டு ராஜாவாக இருந்தாலும் கணக்கு இதேதான். முதல் நாட்டில் விலை இறங்கும், இரண்டாவது நாட்டில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

பார்க்க வேண்டியவை இரண்டு வட்டங்கள். ஒன்று, வாங்குகிறவர் வீட்டிலிருந்து போய்வரும் வட்டம். மற்றொன்று, சங்கிலியின் கிடங்கிலிருந்து லாரி போய்வரும் வட்டம். பிராந்தியச் சந்தை என்று நாம் பொதுவாகச் சொல்வது இந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தைத்தான்.

வாங்குகிறவரின் வட்டம் சிறியது. மளிகை என்பது வாரத்துக்கு ஒருமுறையாவது வாங்கியே தீர வேண்டியது. அதில் பாதி சீக்கிரம் கெட்டுப்போகும், பையும் கனக்கும். பில்லில் கொஞ்சம் மிச்சமாகும் என்பதற்காக ஒவ்வொரு வாரமும் முக்கால் மணி நேரம் வண்டி ஓட்ட யாருக்கும் பொறுமை கிடையாது. பிரிட்டனின் போட்டி ஆணையம் 2008-ல் முடித்த பெரிய விசாரணையில் இதை நிமிடக் கணக்காகவே வைத்தது: ஒரு பெரிய கடைக்கு உண்மையான போட்டி என்பது 10 முதல் 15 நிமிடக் கார் பயணத்துக்குள் இருக்கும் மற்ற பெரிய கடைகள். அதற்கு அப்பால் இருப்பவை எவ்வளவு மலிவாக விற்றாலும் இந்தக் கடைக்காரரின் தூக்கம் கெடாது.

ஒரு சிக்கல் உண்டு. இந்த வட்டங்கள் தனித்தனியாக நிற்பதில்லை, ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறிக்கிடக்கும். இந்தக் கடை பக்கத்து வட்டாரக் கடையோடு மோதும், அது அதற்கடுத்ததோடு மோதும். ஓரிடத்தில் தொடங்கும் விலைக் குறைப்பு இப்படிக் கடைக்குக் கடை தாவி ஒரு பிராந்தியம் முழுக்கப் பரவலாம், பாதியில் ஒரு ஆற்றங்கரையிலோ நெடுஞ்சாலையிலோ நின்றும் போகலாம். எல்லையை எங்கே போடுவது என்பதில்தான் பெரும்பாலான வழக்குகளின் தலையெழுத்தே இருக்கிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இதற்கு நல்ல உதாரணம். லாஸ் ஏஞ்சல்ஸில் வான்ஸ் என்ற சங்கிலி 1960-ல் ஷாப்பிங் பேக் என்ற இன்னொரு சங்கிலியை வாங்கியது. இரண்டும் சேர்ந்தும் அந்த மாநகர மளிகை விற்பனையில் 7.5 சதவீதம்தான். ஆனாலும் இணைப்பு செல்லாது என்றது நீதிமன்றம். ஒரே ஒரு கடை மட்டும் வைத்திருந்த உரிமையாளர்கள் அங்கே 1950-ல் 5,365 பேர், 1961-ல் 3,818 பேர். சிறுகடைகள் அழிந்துகொண்டு போகின்றன, இதை முளையிலேயே நிறுத்த வேண்டும் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம். இந்த மாதிரி வழக்குகளில் ஏதாவது ஒரு ஒழுங்கு உண்டென்றால் அது அரசு எப்போதும் ஜெயிக்கிறது என்பதுதான் என்று எதிர்த்து எழுதிய நீதிபதி ஸ்டூவர்ட் குத்திக் காட்டினார்.

இன்றைக்கு அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலான பொருளாதார அறிஞர்கள் பழைய காலத்து மிகை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் நியாயம் உண்டு, ஆனால் முழு நியாயம் இல்லை. நீதிமன்றம் ஒரு மாபெரும் நகரத்தையே ஒரே சந்தையாக எடுத்துக்கொண்டது. அவ்வளவு பெரிய வட்டத்தில் 7.5 சதவீதம் ஒன்றுமே இல்லைதான். ஆனால் இரண்டு சங்கிலிகளின் கடைகளும் எந்தெந்தத் தெருமுனைகளில் எதிரெதிரே நின்றன என்று யாராவது எண்ணியிருந்தால், சில பேட்டைகளில் இணைப்பு உண்மையிலேயே உறுத்தியிருக்கலாம், பலவற்றில் துளியும் உறுத்தாமல் இருந்திருக்கலாம். இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். பிரிட்டனில் செயின்ஸ்பரிஸும் ஆஸ்டாவும் இணைய முயன்றபோது, நூற்றுக்கணக்கான உள்ளூர்ப் பகுதிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்த பிறகுதான் 2019 ஏப்ரலில் போட்டி ஆணையம் தடை போட்டது.

தூரத்தை அளந்தால் மட்டும் போதாது. வட்டத்துக்குள் இருக்கும் எந்தக் கடை யாருக்குப் போட்டி என்பதும் நேர்க்கோட்டில் போகாது. பெரிய கடை சின்னக் கடையின் வியாபாரத்தைத் தின்னும், சின்னக் கடையால் பெரியதை அசைக்க முடியாது. ஏனென்றால் வாரச் சாமான் முழுவதையும் ஒரே இடத்தில் வாங்க நினைப்பவருக்குச் சின்னக் கடை மாற்றே இல்லை. ஆல்டி மாதிரியான மலிவு விலைக் கடை சுமார் இரண்டாயிரம் வகைச் சரக்கோடு நடக்கும், முழு சூப்பர்மார்க்கெட்டில் இருபதாயிரத்துக்கும் மேல் இருக்கும். பல ஆண்டுகள் பெரிய சங்கிலிகள் ஆல்டியைத் தங்களுக்குப் போட்டி என்றே ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் 2020-ல் பிரிட்டனின் ஆகப் பெரிய சங்கிலியான டெஸ்கோ, ஆல்டியின் பெயரையே போட்டு 'அதே விலை எங்களிடமும்' என்று அலமாரியில் அட்டை தொங்கவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து ஆல்டி அங்கே மாரிசன்ஸை முந்தி நான்காம் இடத்துக்கு வந்தது.

யார் யாருக்குப் போட்டி என்பதை வெளியிலிருந்து ஊகிப்பதைவிட, அந்த நிறுவனங்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வதைப் படிப்பது மேல். 2007-ல் ஹோல் ஃபுட்ஸ் தன் போட்டியாளரான வைல்டு ஓட்ஸை வாங்கக் கிளம்பியது. இரண்டும் இயற்கை விளைபொருட்களுக்குப் பேர்போன சங்கிலிகள். எல்லா சூப்பர்மார்க்கெட்டுமே இப்போது இவற்றை விற்கின்றன, எங்கள் சந்தை கடல் மாதிரி விரிந்தது, அதில் நாங்கள் ஒரு துளி என்பது ஹோல் ஃபுட்ஸின் வாதம். ஆனால் அதன் தலைவர் ஜான் மேக்கி இயக்குநர் குழுவுக்கு அனுப்பிய மின்னஞ்சல் விசாரணையில் வெளியே வந்தது. வைல்டு ஓட்ஸை வாங்கிவிட்டால் போர்ட்லண்டு, போல்டர், நாஷ்வில் போன்ற ஊர்களில் லாபத்தை அரிக்கும் மோசமான விலைச் சண்டையைத் தவிர்க்கலாம் என்று அதில் எழுதியிருந்தார். ஊர்ப் பெயரோடு! போட்டி எங்கே நடக்கிறது என்பதற்கு அதைவிட நேரான வாக்குமூலம் வேண்டியதில்லை. (அதே மேக்கி பல ஆண்டுகளாக யாஹூவின் பங்குச் சந்தைப் பக்கத்தில் புனைபெயரில் வைல்டு ஓட்ஸை மட்டம் தட்டி எழுதிவந்தார் என்பதும் அந்தச் சமயத்தில்தான் அம்பலமானது.) அமெரிக்க வணிக ஆணையம் எதிர்த்து நீதிமன்றம் போயும் இணைப்பு முதலில் நடந்துவிட்டது. மேல்முறையீட்டில் நிலைமை மாறி, கடைசியில் 2009-ல் 32 கடைகளையும் வைல்டு ஓட்ஸ் என்ற பெயரையும் விற்பனைக்கு விட ஹோல் ஃபுட்ஸ் சம்மதித்தது.

இனி லாரி வட்டம். இந்தத் தொழிலின் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் இது பிடிபடும். நூறு ரூபாய்க்கு விற்றால் எல்லாச் செலவும் போக ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்கு நிற்பது வழக்கமாக ஒன்றிலிருந்து மூன்று ரூபாய். சரக்கு வேகமாகச் சுழல்வதால்தான் இந்த மெல்லிய லாபத்திலும் வண்டி ஓடுகிறது: பல பொருட்கள் விற்றுப் பணம் கல்லாவுக்கு வந்த பிறகுதான் சப்ளையருக்குக் கொடுக்க வேண்டிய தேதியே வரும். லாபம் இவ்வளவு மெலிந்திருக்கும்போது, கிடங்கிலிருந்து கடைக்குப் போகும் லாரி பாதி காலியாக ஓடினாலோ, ஒரே ஒரு கடைக்காகக் கூடுதலாக இருநூறு கிலோமீட்டர் போனாலோ அன்றைய லாபம் டீசலிலேயே போய்விடும். அதனால் ஒரு கிடங்கைச் சுற்றி எத்தனை கடை நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு மலிவாக விற்க முடியும்.

வால்மார்ட் வளர்ந்த விதம் இதற்குப் பாடம். முதல் கடை 1962-ல் ஆர்கன்சா மாநிலத்தின் ராஜர்ஸ் என்ற சிற்றூரில். அங்கிருந்து அது தாவிக் குதிக்கவில்லை, பக்கம் பக்கமாகவே நகர்ந்தது. நியூயார்க், கலிஃபோர்னியா என்று பணம் கொழிக்கும் சந்தைகளை முதலில் பிடிப்போம் என்று ஓடவில்லை. கலிஃபோர்னியாவுக்குள் கால்வைக்க அதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பொருளாதார அறிஞர் தாமஸ் ஹோம்ஸ் இந்தப் பரவலை ஆண்டுவாரியாக வரைபடத்தில் வைத்து ஆராய்ந்தார். நல்ல இடம் தூரத்தில் காத்திருந்தாலும், ஏற்கெனவே கடைகள் அடர்ந்திருந்த பகுதியின் ஓரத்திலேயே வால்மார்ட் அடுத்த கடையைத் திறந்திருப்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்துக் கடையின் விற்பனையை அது கொஞ்சம் தின்றாலும் பரவாயில்லை, லாரிச் செலவில் வரும் மிச்சம் அதை ஈடுகட்டியது.

இதே வால்மார்ட் ஜெர்மனியில் என்ன செய்தது? 1997-ல் வெர்ட்காஃப் என்ற சங்கிலியின் 21 கடைகளையும், அடுத்த ஆண்டு இன்டர்ஸ்பாரின் 74 கடைகளையும் வாங்கியது. நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த கடைகள், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் மிச்சங்கள். எதிரே ஆல்டியும் லிடிலும், தெருவுக்குத் தெரு. 2006-ல் 85 கடைகளை மெட்ரோ நிறுவனத்திடம் விற்றுவிட்டு வால்மார்ட் வெளியேறியது. வாசலில் நின்று சிரித்து வரவேற்பது ஜெர்மானியர்களுக்குப் பிடிக்கவில்லை, ஊழியர்களின் காலைக் கோஷம் எடுபடவில்லை என்ற கதைகள்தான் மேலாண்மை வகுப்புகளில் இன்றும் ஓடுகின்றன. கதை என்ற அளவில் சுவாரசியம்தான். ஆனால் சிரிக்காமல் இருந்திருந்தாலும் அந்தக் கடைகள் தப்பித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் ஊரில் எந்தக் கணக்கால் ஜெயித்ததோ அதே கணக்கில் அங்கே தோற்றது.

டெஸ்கோ அமெரிக்காவில் எதிர்த்திசையில் போய் இடித்துக்கொண்டது. ஃப்ரெஷ் அண்ட் ஈஸி என்ற பெயரில் 2007-ல் கலிஃபோர்னியா, அரிசோனா, நெவாடா மாநிலங்களில் கடை திறந்தது. லாரி வட்டத்தின் முக்கியத்துவம் தெரிந்த நிறுவனம், அதனால் ரிவர்சைடு என்ற ஊரில் முதலிலேயே பிரம்மாண்டமான கிடங்கு கட்டிவிட்டது. அந்தக் கிடங்குக்குத் தீனி போட இன்னும் எத்தனையோ கடைகள் தேவைப்பட்டன, திறந்ததோ 200 சொச்சம். அதோடு, கடை போட்ட அதே பகுதிகளில்தான் அமெரிக்க வீட்டுமனைச் சரிவு மிக மோசமாக அடித்தது. 2013-ல் மூட்டை கட்டியபோது நஷ்டக் கணக்கில் நூறு கோடி பவுண்டுக்கு மேல் எழுத வேண்டியிருந்தது. கிடங்கைக் கட்டிவிட்டுக் கடைக்குக் காத்திருப்பதா, கடையைத் திறந்துவிட்டுக் கிடங்குக்குக் காத்திருப்பதா என்ற இந்தத் திண்டாட்டம் எல்லாப் புதியவருக்கும் உண்டு. பொறுமையாகக் கடந்தவர் ஆல்டி: ஆஸ்திரேலியாவுக்கு 2001-ல் வந்தது, தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் கடை திறந்தது 2016-ல். அங்கே கிடங்கு எழும்பும் வரை பதினைந்து ஆண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. லிடிலுக்கு நார்வேயில் அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. 2004-ல் நுழைந்து 2008-ல் கடைகளை உள்ளூர்ச் சங்கிலியான ரேமா 1000-இடம் விற்றுவிட்டு வெளியேறியது.

இதன் மறுபக்கம்தான் பிராந்தியச் சங்கிலிகளின் பலம். டெக்ஸஸில் ஹெச்-இ-பி, ஃப்ளோரிடாவில் தொடங்கிய பப்ளிக்ஸ், ஸ்பெயினில் வலென்சியாவிலிருந்து கிளம்பிய மெர்காடோனா என்று தேச அளவில் அல்லது உலக அளவில் பெரியவர்களை எதிரே வைத்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பவை பல உண்டு. உலகக் கணக்கில் அவை சிறியவை. ஆனால் தங்கள் லாரி வட்டத்துக்குள் அவைதான் பெரியவை, அங்கே அந்தக் கணக்குதான் செல்லும். அமெரிக்காவின் விநியோகப் பகுதிகளை ஆராய்ந்த பால் எலிக்சன் 2007-ல் இன்னொன்றையும் காட்டினார். சந்தை பெரிதானால் சங்கிலிகளின் எண்ணிக்கையும் கூடும் என்றுதானே நினைப்போம்? கூடுவதில்லை. சின்னப் பகுதியிலும் சரி, பெரிய பகுதியிலும் சரி, விரல்விட்டு எண்ணக்கூடிய சில சங்கிலிகள்தான் விற்பனையின் பெரும்பகுதியை வைத்திருக்கின்றன. சந்தை வளர வளர, இருப்பவர்கள் கடையைப் பெரிதாக்கி, சரக்கு வகையைக் கூட்டி, கிடங்கில் பணத்தைக் கொட்டுகிறார்கள். அந்த அளவுக்கு ஈடுகொடுக்க முடியாதவர் ஓரத்துக்குப் போய்விடுகிறார்.

சரி, நாலைந்து பேர்தான் என்றால் அவர்கள் எதில் மோதிக்கொள்கிறார்கள்? விலையில் என்பது பாதி பதில். கடைக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான பொருட்களில், வாங்குகிறவருக்கு விலை மனப்பாடமாக இருப்பது சில நூறுதான்: பால், முட்டை, சர்க்கரை மாதிரி வாரா வாரம் கையில் எடுப்பவை. கடை மலிவா, ஆனை விலையா என்று மனம் முடிவுகட்டுவது இவற்றை வைத்தே. சண்டை இவற்றில் நடக்கும், வசூல் மற்றவற்றில் நடக்கும். வாசலில் குவித்திருக்கும் பால் நஷ்டத்துக்குப் போகலாம், மூன்றாவது வரிசையில் கண்மட்டத்தில் இருக்கும் சாஸ் பாட்டில் அதை ஈடுகட்டும். இந்தச் சண்டை எல்லை மீறியதால்தான், அடக்க விலைக்கும் கீழே சில அத்தியாவசியப் பொருட்களை விற்கக் கூடாது என்று 2000-ல் ஜெர்மனியில் போட்டியைக் கண்காணிக்கும் கார்டெல் அலுவலகம் வால்மார்ட்டுக்கும் ஆல்டியின் வடபகுதி நிறுவனமான ஆல்டி நோர்டுக்கும் லிடிலுக்கும் உத்தரவு போட்டது. அதனால் வாங்குகிறவருக்கு என்ன லாபம் என்று கேட்கத் தோன்றும். சின்னக் கடைகள் ஒழிந்த பிறகு விலை ஏறும் என்பது அதிகாரிகளின் அச்சம்.

போட்டியாளர் விலைக்கே தருகிறோம் என்ற அட்டையைப் பார்த்தவுடன் சந்தோஷப்படுவதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அது வாடிக்கையாளருக்குச் சொல்லும் சேதி ஒன்று, எதிராளிக்குச் சொல்லும் சேதி இன்னொன்று: நீ குறைத்தால் நானும் உடனே குறைப்பேன், அதனால் குறைத்து உனக்குப் பயனில்லை. எல்லோரும் இந்த அட்டையைத் தொங்கவிட்டால் விலை இறங்குவதற்கான காரணமே மறைந்துபோகலாம்.

ஒவ்வொரு ஊரிலும் போட்டிக்கு ஏற்ப விலை வைப்பார்களா? பிரிட்டனில் சில சங்கிலிகள் அப்படி, போட்டி குறைந்த ஊரில் கூடுதலாக விலை வைத்ததை 2000-ஆம் ஆண்டு விசாரணை கண்டது. அமெரிக்காவில் 2019-ல் வெளியான டெல்லாவிக்னா, ஜென்ட்ஸ்கோ ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. ஒரே சங்கிலியின் கடைகள் பணக்காரப் பேட்டையிலும் ஏழைப் பேட்டையிலும் கிட்டத்தட்ட ஒரே விலையில்தான் விற்கின்றன. ஊருக்கு ஊர் விலை மாற்றினால் நிர்வாகத் தலைவலி, ஆள் பார்த்து விலை வைக்கிறார்கள் என்ற கெட்ட பெயர் வேறு. இதைக் கேட்டதும் அப்படியென்றால் உள்ளூர்ப் போட்டிக்கு மதிப்பில்லையே என்று நினைத்துவிடக் கூடாது. விலை அசையாத இடத்தில் மற்றது அசையும். எத்தனை கல்லா திறந்திருக்கிறது, இரவு எத்தனை மணி வரை கடை, காய்கறி வாடாமல் இருக்கிறதா, தேடி வந்த பொருள் அலமாரியில் இருக்கிறதா என்பதெல்லாம் ஒரு வகை விலைதான். வால்மார்ட்டின் போட்டி வந்தபோது பெரிய சங்கிலிகளில் 'சரக்கு இல்லை' என்று காலியாகக் கிடந்த அலமாரிகள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக டேவிட் மட்சாவின் 2011 ஆய்வு காட்டுகிறது. வாங்குகிறவர் இதைப் பில்லில் பார்க்க முடியாது. கிடைத்த பொருளுக்காக யாரும் நன்றி சொல்வதும் இல்லை.

போட்டியைத் தடுக்க நினைப்பவருக்கு மலிவான வழி விலையைக் குறைப்பதல்ல, நிலத்தை முடக்குவது. பத்து நிமிட வட்டத்துக்குள் ஒரு பெரிய கடைக்கும் அதன் வண்டி நிறுத்தத்துக்கும் போதுமான காலிமனை இரண்டோ மூன்றோதான் இருக்கும். அதை வாங்கிப் போட்டுவிடலாம். அல்லது தன் பழைய இடத்தை விற்கும்போது 'இங்கே இனி மளிகைக் கடை வரக் கூடாது' என்று பத்திரத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம். வாடகைக்கு இருக்கும் வளாகத்தில் வேறு சூப்பர்மார்க்கெட்டுக்கு இடம் தரக் கூடாது என்று உரிமையாளரிடம் எழுதி வாங்கிவிடலாம். யாருடைய கண்ணிலும் படாத வேலி இது. வரவேண்டிய கடை வரவில்லை என்பதை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது.

பிரிட்டன் 2010-ல் இதற்கென்றே ஓர் ஆணை போட்டது: பெரிய சங்கிலிகள் புதிதாக இப்படிப் பத்திரத் தடை எழுதக் கூடாது, வாடகை ஒப்பந்தத்தில் போட்டியாளரை விலக்கும் விதிக்கு ஐந்து ஆண்டு உச்சவரம்பு. ஆணை வந்து பத்து ஆண்டு கழித்து, டெஸ்கோ அதை 23 இடங்களில் மீறியிருந்ததை ஆணையம் கண்டுபிடித்தது. பிறகு தோண்டத் தோண்ட மற்ற சங்கிலிகளின் மீறல்களும் வந்தன. நியூசிலாந்து 2022-ல் சட்டம் போட்டே இந்தப் பத்திரத் தடைகளைச் செல்லாதவை ஆக்கியது.

அரசே வேலி போட்டுக் கொடுப்பதும் உண்டு. பிரான்ஸில் 1973-ல் வந்த ருவாயே சட்டம் சிறுவணிகரைக் காப்பாற்றத்தான் வந்தது. பெரிய கடை திறக்க உள்ளூர்க் குழுவின் அனுமதி வேண்டும் என்றது. 1996-ல் வந்த ரஃபரான் சட்டம் இந்த அனுமதியை 300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளுக்கும் நீட்டியது. அதற்குள் பெரிய சங்கிலிகள் நல்ல இடங்களில் உட்கார்ந்துவிட்டிருந்தன. 300 சதுர மீட்டர் என்றால் ஜெர்மனியிலிருந்து வரப்பார்த்த மலிவுக் கடைகளும் அகப்பட்டுக்கொள்ளும் அளவு. மளிகைக்கடை அண்ணாச்சியைக் காப்பாற்ற எழுதிய விதி, ஏற்கெனவே உள்ளே இருந்த பெரியவர்களுக்குக் காவல்காரனாகிவிட்டது. அனுமதி கடுமையாக இருந்த பகுதிகளில் வேலைவாய்ப்பும் குறைந்தது என்று பெர்ட்ராண்டும் கிராமார்ஸும் 2002-ல் காட்டினார்கள்.

நிலமும் லாரியும் சேர்ந்து எவ்வளவு பெரிய சுவர் என்பதற்குக் காஃப்லாண்டைச் சொல்லலாம். லிடிலைப் போலவே ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது, பணத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆஸ்திரேலியாவில் வூல்வொர்த்ஸும் கோல்ஸும் சேர்ந்து சூப்பர்மார்க்கெட் விற்பனையில் மூன்றில் இரண்டு பங்கை வைத்திருக்கின்றன. மூன்றாவதாக ஒரு பெரியவர் வருகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். காஃப்லாண்டு மனை வாங்கியது, ஆள் எடுத்தது, மெல்பர்னுக்கு அருகே கிடங்கு வேலையையும் தொடங்கியது. 2020 ஜனவரியில் ஒரு கடைகூடத் திறக்காமல் திரும்பிப் போய்விட்டது.

இவ்வளவும் தெரிந்த பிறகு, இணைப்புகளின்போது ஆணையங்கள் வழக்கமாகச் சொல்லும் மருந்தைப் பார்த்தால் அதன் ஓட்டை தெரியும். இரண்டு சங்கிலிகள் இணையும்போது, எதிரெதிரே இருக்கும் கடைகளில் ஒன்றை வெளியாருக்கு விற்றுவிடு, மற்றபடி இணைந்துகொள் என்பதுதான் அந்த மருந்து. வாங்குகிறவரின் வட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கணக்கு நேர். பலகை மாறும், போட்டியாளர் எண்ணிக்கை குறையாது. லாரி வட்டத்தை யாரும் கேட்பதில்லை.

2015-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட்சன்ஸ், சேஃப்வேயை வாங்கியபோது 168 கடைகளை விற்கச் சொன்னார்கள். அவற்றில் 146-ஐ ஹேகன் என்ற நிறுவனம் எடுத்தது. வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் பெல்லிங்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்ட, அதுவரை 18 கடை மட்டுமே நடத்திய பிராந்தியச் சங்கிலி அது. நல்ல பெயர் உள்ளதுதான். சில மாதங்களில் அது கலிஃபோர்னியா, நெவாடா, அரிசோனா வரை 164 கடைகளைத் தாங்க வேண்டியதாயிற்று. தெற்கே அதன் பெயரையே யாரும் கேள்விப்பட்டதில்லை. அங்கே கிடங்கும் இல்லை, பழக்கமான சப்ளையர்களும் இல்லை. கடைகளின் விலைப்பட்டியலைக்கூட, யாரோடு மோத வேண்டுமோ அந்த ஆல்பர்ட்சன்ஸிடமிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது. விலை அதிகம் என்று வாடிக்கையாளர்கள் விலகினார்கள். சரக்குப் பணம் பாக்கி என்று ஆல்பர்ட்சன்ஸ் வழக்குப் போட்டது. தவறான விலைத் தகவல் தந்து எங்களைக் கவிழ்த்தார்கள் என்று நூறு கோடி டாலர் கேட்டு ஹேகன் எதிர்வழக்குப் போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஹேகன் திவால் மனு கொடுத்தது. ஏலத்தில் தன் பழைய கடைகளில் பலவற்றை ஆல்பர்ட்சன்ஸே திரும்ப வாங்கிக்கொண்டது. 2016-ல் மிச்சமிருந்த ஹேகனையும் வாங்கிவிட்டது.

அந்தக் கசப்பு 2022-ல் இன்னொரு பெரிய அமெரிக்கச் சங்கிலியான குரோகர், ஆல்பர்ட்சன்ஸை 2,460 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தபோது எல்லோருக்கும் நினைவிருந்தது. இந்த முறை விற்க முன்வந்த கடைகள் 413, ஆணையம் முகம் சுளித்ததும் 579. வாங்க முன்வந்தது சி அண்ட் எஸ், பெரிய மொத்த விநியோக நிறுவனம். லாரியும் கிடங்கும் அதற்கு நிறையவே உண்டு. ஆனால் சொந்தமாக நடத்திய சூப்பர்மார்க்கெட்டுகள் 23. ஹேகனுக்குக் கடை நடத்தத் தெரியும், தெற்கே லாரி இல்லை. இதற்கு லாரி உண்டு, கடை நடத்திய பழக்கம் குறைவு. வாடிக்கையாளர் அட்டையில் சேர்ந்த தகவல், சொந்த பிராண்டுப் பொருட்கள், விலை வைக்கும் மென்பொருள் என்று ஒரு சங்கிலியைச் சங்கிலியாக்கும் சாமான்களில் பல, விற்கும் கடைகளோடு முழுசாகக் கைமாறப்போவதும் இல்லை. 2024 டிசம்பர் 10-ஆம் தேதி ஓரிகானில் கூட்டாட்சி நீதிபதி ஏட்ரியன் நெல்சன் இணைப்பை நிறுத்திவைத்தார். அதே நாளில் வாஷிங்டன் மாநில நீதிமன்றமும் தடை போட்டது. மறுநாள் ஆல்பர்ட்சன்ஸ் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, ஆணையம் ஏற்கும்படியான ஆளுக்குக் கடைகளை விற்கக் குரோகர் சரியாக முயலவில்லை என்று அதன்மீதே வழக்குத் தொடுத்தது.